பீர்க்கம்பந்தலில் பெர்ரி வாசனை

அரிவாள்மனையில் வைத்து இரண்டாக நறுக்கியதும், பீர்க்கங்காயின் நடுவிலிருந்து ஒரு புழு துள்ளி யாகூபின் தாடியில் விழுந்தது.

ஊர்ந்து வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அது உடம்பை வளையமாக மடக்கி, வாலை வாயால் பற்றி, ரப்பர் பேண்டைச் சுண்டியது போலத் துள்ளியது. அரிசி நீளத்தில் வெள்ளைப் புழு. யாகூப் காயைக் கீழே போட்டார், தாடியை இரண்டு கையாலும் உதறினார், பாத்ரூமுக்குள் ஓடி சோப்புப் போட்டு முகத்தை நான்கு முறை கழுவினார். ஐந்தாவது முறை கழுவும்போதுதான் காயின் நினைவு வந்தது. வெளியே வந்து தள்ளி நின்றே எட்டிப் பார்த்தார். மேலே பச்சைப் பசேலென்று, வரம்பு வரம்பாக, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் வைக்கலாம் போல லட்சணமாக இருந்தது. உள்ளே சதை பழுப்பாகக் கரைந்து சளியாக நின்றது. அந்தச் சளிக்குள் பத்துப் பதினைந்து உருப்படிகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

"இன்னிக்கும் சொத்தையா அத்தா?" என்று உள்ளறையிலிருந்து ரம்ஷா கேட்டாள்.

யாகூப் உதட்டைப் பிரிக்காமல் "ம்" என்று மட்டும் முனகினார். வாயைத் திறந்தால் காலையில் குடித்த டீயும் வந்துவிடும் போலிருந்தது.

ரம்ஷா அவருடைய ஒரே மகள். திருப்பூரில் கட்டிக்கொடுத்து ஒரு வருஷம் ஆகிறது. இப்போது மூன்றாம் மாதம். பிள்ளை உண்டானவள் வாந்தி எடுப்பது உலகத்தில் நடப்பதுதான். ஆனால் இவளுக்கு நின்றபாடில்லை. சோறு கொதிக்கும் ஆவி ஆகாது. கொத்தமல்லித் தழை ஆகாது. பிரிட்ஜைத் திறந்தால் வரும் குளிர்ந்த வாடை ஆகாது. ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரும் புருஷன் ரியாஸின் ஹெல்மெட்டுக்குள் ஊறிய வியர்வை, மூன்று அறை தள்ளி ஆணியில் தொங்கினாலும் ஆகாது. ஐம்பத்திரண்டு கிலோ இருந்தவள் நாற்பத்தாறுக்கு வந்துவிட்டாள். இரண்டு முறை டிரிப்ஸ் ஏற்றியாயிற்று. நாற்பத்து நாலுக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரியில் படுக்க வைக்க வேண்டியதுதான் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி வாடையில் இவள் எப்படித் தேறுவாள் என்பதுதான் யாகூபின் கவலை.

அவள் வயிற்றில் தங்கிய ஒரே பண்டம், மொட்டைமாடியில் அவர் வளர்த்த பீர்க்கங்காய். பாசிப்பருப்போடு வேகவைத்து, உப்பு மட்டும் போட்டு, தாளிக்காமல் ஆற வைத்தால் ஒரு கிண்ணம் உள்ளே போகும். கூடவே நாலு வாய் சோறும் போகும். ஒருநாள் அம்மா ஜாஹிதா சந்தையில் வாங்கிய காயில் அதே மாதிரி செய்து ஏமாற்றிப் பார்த்தாள். ரம்ஷா ஸ்பூனை மூக்கருகே கொண்டுபோனதோடு எழுந்து ஓடினாள்.

"மருந்து வாடைம்மா."

"கழுவி, தோல் சீவி, வேக வெச்சது. மருந்து எங்கிருந்து வரும்? எல்லாம் நெனப்பு" என்றாள் ஜாஹிதா.

யாகூப் கிண்ணத்தை வாங்கி முகர்ந்தார். இருந்தது. பழைய மூட்டைப்பூச்சி மருந்து டப்பாவைத் திறந்து மூடியது போல மெல்லிசாக ஓர் இழை. மகள் பொய் சொல்லவில்லை. அந்த மூக்கு அவர் கொடுத்த மூக்கு.

காந்திபுரத்தில் டவுன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு லாட்ஜுக்கும் செல்போன் கடைக்கும் நடுவே, இரண்டு கையை விரித்தால் முடிந்துபோகிற அகலத்தில் யாகூபின் அத்தர் கடை இருந்தது. இருபத்தெட்டு வருஷமாக அந்த மூக்கை வைத்துத்தான் பிழைப்பு. மூடியைத் திறந்த மாத்திரத்தில் சந்தன எண்ணெயில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பிழைப்புக் கொடுத்த மூக்கு நிம்மதியைக் கொடுக்கவில்லை. மற்றவர்கள் பஸ்ஸில் ஏறினால் சீட் தேடுவார்கள். யாகூப் யார் பக்கத்தில் நின்றால் மூச்சு விடலாம் என்று தேடுவார். ஈரத்துணி, ஊசிப்போன சட்னி, செருப்புக்குள் நனைந்த சாக்ஸ் எல்லாம் அவரிடம்தான் நேராக வந்து சேரும். அதற்காகவே வெட்டிவேர் அத்தரில் நனைத்த பஞ்சைக் காது மடலில் செருகிக்கொண்டுதான் கணபதியில் இருந்த வீட்டை விட்டுக் கிளம்புவார். மார்க்கெட் காய்கறியின் வாடை பிடிக்காமல்தான் மாடித்தோட்டமே போட்டார். இருபது பை, இரண்டு டிரம், கட்டுக்கம்பியில் ஒரு பந்தல். செடியைத் தொடுவார், மண்ணைத் தொடுவார். புழு என்றால் இடுக்கியும் நாலாக மடித்த செய்தித்தாளும் வேண்டும்.

அடுத்த மாடி ஈஸ்வரமூர்த்தியுடையது. கீழே லேத் பட்டறை, அன்னூர்ப் பக்கம் தோட்டம் என்று இரண்டிலும் கால் வைத்திருந்தவர். இடையில் இடுப்புயரச் சுவர். அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு அவர் கேட்டார்.

"ஏனுங்க பாய், கழுவிக் கழுவி மூஞ்சியே உரிஞ்சு போச்சாட்ட இருக்குதுங்க?"

"புழுங்கண்ணா. தாடியில குதிச்சிருச்சு."

"அது குதிக்குமுங்க. பழ ஈப் புழு. ஈ வந்து பிஞ்சுல குத்தி முட்டை வெச்சுப்போட்டுப் போயிரும். உள்ளயே பொரிஞ்சு தின்னுட்டுக் கெடக்கும். எங்க தோட்டத்துல கோமியத்துல வேப்பந்தழ, பூண்டு, மொளகா, பொகையில எல்லாம் போட்டுக் காய்ச்சி அடிப்போமுங்க. ஒரு கேன் கொண்டாந்து தரட்டுங்களா?"

யாகூபின் மூக்கு அந்தப் பட்டியலைக் கேட்கும்போதே சுருங்கியது. நல்லவேளையாக, சொல்லிக்கொள்ள அதைவிட மரியாதையான காரணம் இருந்தது. "கோமியம் துணியில தெறிச்சா அதோட தொழ முடியாதுங்கண்ணா."

"அட, அத நான் நெனைக்கவே இல்லியே. மனசுல வெச்சுக்காதீங்க பாய். அப்ப வேப்பெண்ணெய்ங்க. சோப்புத் தண்ணியில கலக்கி, கூட ரெண்டு பூண்டு தட்டிப் போட்டு அடிச்சா பூச்சி அண்டாதுங்க. அதுக்கு ஒண்ணும் தடையில்லீங்களே?"

"தடையில்லீங்க. நாத்தந்தான்."

வேப்பெண்ணெய் வாங்கி வந்தார். லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி, காதி சோப்பு சீவிக் கரைத்த நீர், வடிகட்டிய பூண்டுச் சாறு. கலக்கும்போதே கண்ணில் நீர் வந்தது. கசந்த கடலை, பழைய தலையணை உறை, எரிந்த டயர், இவை மூன்றும் ஒரே அறையில் வேர்த்துப் படுத்திருந்தது போன்ற நாற்றம். மேல் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு பந்தல் முழுக்க அடித்தார். பத்து நிமிஷத்தில் அது படி வழியாகக் கீழே இறங்கியது. ரம்ஷா எடுத்த வாந்தியின் சத்தம் அதே படி வழியாக மேலே ஏறி வந்தது.

பின்னாலேயே ஜாஹிதாவும் ஏறி வந்தாள். "காயைக் காப்பாத்தறேன்னு புள்ளைய எனக்கு இல்லாம ஆக்கிருவீங்களாட்ட இருக்கு. அடிக்காட்டிப் புழு, அடிச்சா வாந்தி. ஒரே ஒரு தடவை கடை மருந்தை அடிச்சுவிட்டா என்ன?"

"அடிச்ச காயை அவ மோந்து பாத்தே தள்ளி வெச்சிருவா ஜாஹிதா."

"ஆமா, அத்தாவுக்கும் மகளுக்கும் போலீஸ் நாய் மூக்கு. நடுவுல நான்தான் மனுசப் பிறவி."

யாகூப் இரண்டு நாள் யோசித்தார். பூச்சிக்கு வேப்பெண்ணெய் வேண்டும்; மகளுக்கு வேப்பெண்ணெய் தெரியக்கூடாது. இது தோட்டக்காரனுக்குத்தான் சிக்கல், அத்தர் வியாபாரிக்கு இல்லை. கெட்ட வாடையை எதிர்த்து நிற்கக்கூடாது, அதற்குப் பொருத்தமான ஜோடி பார்த்துச் சேர்த்துவிட வேண்டும் என்பது அவர் தொழிலில் முதல் பாடம். கடையைச் சாத்திக்கொண்டு பஞ்சுக் குச்சிகளோடு உட்கார்ந்தார். ரோஜாவோடு சேர்த்தால் வேப்பெண்ணெய் இன்னும் திமிறியது. மல்லிகையோடு சேர்த்தால் மையித்து கிடத்திய சாவு வீடு. கடைசியில் அவர் எடுத்தது, கடையிலேயே அவருக்கு மிகவும் கேவலமான சரக்கை. மும்பையிலிருந்து கேனில் வரும் 'பெர்ரி'. கனிந்த சிவப்புப் பழமும் சர்க்கரையும் கொதித்த ஜாம் வாசனை. காலேஜ் பையன்கள் கூட்டம் கூட்டமாக வந்து வாங்கிப் போவார்கள். அதை அவர் அத்தர் என்றே சொல்வதில்லை, மிட்டாய் என்பார். அந்த மிட்டாய்தான் வேப்பெண்ணெயை அமுக்கியது. கசப்பு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

அன்று சாயங்காலம் இருபது சொட்டு கலந்து அடித்துவிட்டுக் கீழே இறங்கினார். ரம்ஷா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"மேல ஏதாச்சும் ஜாம் செய்றீங்களா அத்தா?"

"கொமட்டுதா கண்ணு?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கு."

இருபத்தெட்டு வருஷ அனுபவம் வீண் போகவில்லை என்று யாகூபுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த முறை இன்னும் பத்துச் சொட்டு சேர்த்தார். அதற்கடுத்த முறை, வாசனை பந்தலிலேயே நிற்கட்டும் என்று பஞ்சில் நனைத்து நாலு மூலைக் கம்பத்திலும் கட்டியே விட்டார்.

மறுநாள் காலை மாடிக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பந்தல் ஊமையாக அசைந்துகொண்டிருந்தது. காற்று இல்லை. ஈக்கள். வீட்டு ஈ இல்லை. குளவிக்குப் பிறந்தது போல மஞ்சளும் பழுப்புமாக ஒரு ஜாதி, இறக்கையில் கறை. கம்பத்தின் பஞ்சில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி மொய்த்துக்கொண்டு, முன்னங்கால்களைத் தேய்த்துக்கொண்டு, பஞ்சை நக்கிக்கொண்டிருந்தன. சாயங்காலம் ஆறு மணிக்குக் காந்திபுரத்தில் பஸ் வந்து நின்றால் எப்படி ஏறுவார்களோ அப்படி. சில அவர் சட்டைக்கும் வந்தன. நேற்று அந்தச் சட்டையோடுதான் பஞ்சு நனைத்திருந்தார். ஒன்று மணிக்கட்டில் உட்கார்ந்து, ஈரமான சிறிய வாயால் தோலை ஒற்றிப் பார்த்தது. யாகூபுக்குத் தலைமுடி வரைக்கும் கூசியது.

"என்னுங்க பாய், நோம்பி விருந்துக்கு ஊரையே அழைச்சுப்போட்டீங்களா?" என்றார் சுவருக்கு அந்தப் பக்கம் ஈஸ்வரமூர்த்தி. அவர் முகத்திலும் சிரிப்பைவிட அருவருப்புதான் அதிகம் இருந்தது.

அந்த வாரம் பந்தலில் பதினாலு பிஞ்சுகள். ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதினொன்றில் குத்திய தடம், அதில் கசிந்து உறைந்த பிசின் துளி. நாலைந்து நாளில் அவை அடியிலிருந்து மஞ்சளாகி, தொட்டால் உள்வாங்கி, ஒவ்வொன்றாகக் காம்பறுந்து விழுந்தன. விழுந்த இடத்தில் கொழகொழவென்று பிளந்து கிடந்தவற்றிலிருந்து புழுக்கள் சிமெண்டுத் தரையில் துள்ளித் துள்ளிப் பைகளின் மண்ணைத் தேடிப் போயின. தப்பிய மூன்று காய்கள் ரம்ஷாவுக்கு ஐந்து நாள் வந்தன. ஆறாம் நாள் எடை பார்த்தபோது நாற்பத்து நாலு கிலோ அறுநூறு.

கணபதி மெயின் ரோட்டில் விதையும் உரமும் விற்கும் கடைக்கு யாகூப் போனார். கவுண்டரில் எழில் என்ற பெண் இருந்தாள்.

"மருந்து வேணாமுங்க. வேற எதாச்சும் இருக்குதுங்களா? பீர்க்கங்காய்ல பழ ஈ."

"இனக்கவர்ச்சிப் பொறி வெய்யுங்கய்யா. டப்பாக்குள்ள வாசனைக் கட்டி வெச்சுத் தொங்க விட்டா ஈயெல்லாம் தேடி வந்து உள்ள விழுந்து செத்துரும். செடி மேல எதுவும் படாது." அவள் ஒரு சின்ன உறையைக் கிழித்து அவர் முன் வைத்தாள்.

யாகூப் குனியவே இல்லை. உறை கிழிந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. பூச்சும் சர்க்கரையும் இல்லை, ஆனால் முதுகெலும்பு அதேதான். கனிந்த சிவப்புப் பழம். மிட்டாய்.

"இதையத்தான் நான் செடி மேல அடிச்சிருக்கேன்ங்க" என்றார்.

"எதைய?"

சொன்னார். வேப்பெண்ணெய், மகள், பெர்ரி, இருபது சொட்டு, முப்பது சொட்டு, கம்பத்தில் பஞ்சு. எழில் சிரிப்பை அடக்க ரசீது புத்தகத்தைப் புரட்டினாள், முடியவில்லை. "பத்திரிகை வெச்சு, பந்தல் போட்டு, சென்ட்டும் தெளிச்சிருக்கீங்க. வந்தது பூரா ஆம்பளை ஈங்கய்யா. காயக் குத்தறது பொட்டை. அது மொதல்லயே உங்க பந்தல்லதான் இருந்திருக்கும். நீங்க ஜோடி சேத்து வெச்சுட்டீங்க."

தொழிலின் முதல் பாடம் அவர் முகத்திலேயே வந்து அடித்தது.

"இப்ப என்னங்க செய்யறது?"

"அதே சென்ட்டைப் பாட்டில்ல வெச்சுப் பந்தலை விட்டுத் தள்ளி, மாடியோட கடைசியில கட்டுங்க. அடியில சோப்புத் தண்ணி. ஆம்பளை செத்தா முட்டை பொரியாது. ஆனா அது மட்டும் பத்தாது. குத்துப்பட்ட காய், விழுந்த காய் ஒண்ணு விடாமப் பொறுக்கி, பிளாஸ்டிக் கவர்ல இறுக்கிக் கட்டி வெயில்ல போட்டு வேக விடுங்க. பைல மேல் மண்ணைக் கிளறிவிடுங்க, கூட்டுப்புழு அதுலதான் இருக்கும். புதுப் பிஞ்சுக்குப் பூ வாடுனதும் உறை போட்டுருங்க. கையிலதான் எல்லாம் செய்யணும், பாத்துக்குங்க."

கையில்தான். அந்தச் சொல்லை யாகூப் வீடு வரும்வரை மென்றுகொண்டே வந்தார்.

மறுநாள் காலை ஈஸ்வரமூர்த்தி தன் மாடிக்கு வந்தபோது, பக்கத்து மாடியில் ரப்பர் கையுறை, முழங்கால் வரை மழைக்கோட்டு, தலையில் ஹெல்மெட் சகிதம் ஓர் உருவம் குனிந்திருந்தது.

"பாய், வண்டி எங்கீங்க?"

"குதிக்குதுங்கண்ணா" என்றது ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு கம்மிய குரல். மருமகன் ஆணியிலேயே விட்டுப்போயிருந்த பழைய ஹெல்மெட். அதன் உள்ளே மருமகனின் மூன்று வருஷத்து வியர்வை. வெளியே அழுகிய காய். எந்தப் பக்கம் மூச்சு விடுவதென்று தெரியாமல் யாகூப் வேலை செய்தார். மழைவிட்ட ஆடி வெயிலில் கோட்டுக்குள் வேர்த்துக் கொட்டியது. காயைத் தூக்கினால் அடி கழன்று சதை கையுறையில் வழிந்தது. கவரில் போட்டுக் கட்டியதும் புழுக்கள் உள்ளே துள்ள ஆரம்பித்தன. எள் வறுத்தது போலப் பட்பட்டென்று சத்தம். வெயில் ஏற ஏறச் சத்தம் அடங்கியது, கவர் உப்பியது. உப்பிய கவரை இரண்டு நாள் கழித்து எடுத்துப் போட வேண்டிய நினைப்பே அவருக்குச் சோற்றை இறங்கவிடவில்லை. பைகளின் மேல் மண்ணைக் கரண்டியால் கிளறி, சீரகம் போலக் கிடந்த கூட்டுப்புழுக்களைச் சலித்து எடுத்தார். அன்றிலிருந்து ரசத்தில் சீரகம் மிதந்தால் தட்டைத் தள்ளி வைத்தார்.

பாட்டில் இன்னும் மோசம். தண்ணீர் பாட்டிலின் தோளில் நாலு ஓட்டை போட்டு, பெர்ரியில் நனைத்த பஞ்சைக் கம்பியில் உள்ளே தொங்கவிட்டு, அடியில் சோப்புத் தண்ணீர் ஊற்றி மூன்று இடத்தில் கட்டினார். முதல் நாள் சாயங்காலமே நீர் தெரியவில்லை. ஈக்கூழ். இறக்கையும் காலும் வயிறுமாக ஊறி, மேலே ஜாம் வாசனை, அடியில் செத்த வாடை. தினமும் அதைக் குலுக்கி, வடித்து, பிளாஸ்டிக் கவரில் கொட்டி, கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கடைசியாகக் கொஞ்சம் பாட்டிலின் கழுத்தில் சிக்கிக்கொள்ளும். விரலை விட்டுத்தான் எடுக்க வேண்டும். எடுத்தார். தினமும் எடுத்தார். எடுத்துவிட்டு இரண்டு முறை குளித்தார். குளித்துவிட்டுப் பஸ்ஸில் நிற்கும்போது காது மடல் வெட்டிவேரையும் மீறி அந்த ஜாம் வந்தது. கையை முகர்ந்தார். கையில் இல்லை. மூக்குக்குள் குடியேறிவிட்டது.

உறைக்கு மட்டும் அவர் அலையவில்லை. கல்யாண வீட்டில் அத்தர் சீசா போட்டுக் கொடுக்கும் வலைப்பை கடையில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. சுருக்குக் கயிறு, ஓரத்தில் ஜரிகை. பூ வாடிய ஒவ்வொரு பிஞ்சுக்கும் ஒரு பையை மாட்டிக் காம்பில் இழுத்துக் கட்டினார். பிஞ்சு நீண்டு பை பற்றாமல் போனபோது, ஜாஹிதா ஒரு பழைய துப்பட்டாவை வெட்டிக் குழாய் குழாயாகத் தைத்துக் கொடுத்தாள்.

"நாலு பவுன்ல தோடு ஒண்ணுதான் போடலை உங்க பீர்க்கங்காய்க்கு" என்றாள். ஆனாலும் தையல் நெருக்கமாக இருந்தது. ஈ நுழைய இடமில்லை.

இதற்குள் ரம்ஷா நாற்பத்து நாலு கிலோ முந்நூறுக்கு வந்துவிட்டாள். டாக்டரம்மா புதன்கிழமை வரச் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிப் பையை ஜாஹிதா எடுத்து வைத்திருந்தாள். அதைக் கண்ணில் படாத இடத்தில் வைத்திருந்ததால் எல்லோர் கண்ணிலும் அதுதான் பட்டது.

வெள்ளிக்கிழமை காலை யாகூப் மூன்று பைகளை அவிழ்த்தார். மூன்று காய்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தார். குத்திய தடம் இல்லை, பிசின் இல்லை. நம்பவில்லை. கீழே கொண்டுவந்து அரிவாள்மனை முன் உட்கார்ந்து, தாடியைத் துண்டால் மூடிக் கட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நறுக்கினார். எதுவும் துள்ளவில்லை. ஒரு கண்ணைத் திறந்தார். வெள்ளைச் சதை, இளம் விதை. குனிந்து முகர்ந்தார். மழைத்தண்ணீரும் பச்சைப் புல்லும் தவிர வேறு ஒன்றும் இல்லை. அந்த மாதத்தில் அவர் மூக்குக்கு வந்த முதல் நல்ல வாசனை அது.

ரம்ஷாவும் சாப்பிடும் முன் முகர்ந்தாள். வீடே அவள் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் ஒரு ஸ்பூன் எடுத்தாள். அப்புறம் இன்னொன்று. கிண்ணம் காலியானதும், "இன்னுங்கொஞ்சம் இருக்கா?" என்றாள். அரைமணி நேரம் ஆயிற்று. ஒரு மணி நேரம் ஆயிற்று. பாத்ரூம் கதவு திறக்கவில்லை. பந்தலில் உறை போட்ட காய்கள் இன்னும் ஒன்பது இருந்தன. புதன்கிழமை எடை நாற்பத்து நாலு கிலோ எண்ணூறு. "இதே மாதிரி போகட்டும், இப்போதைக்கு வீட்லயே இருக்கட்டும்" என்றார் டாக்டரம்மா.

அந்தச் செய்தியோடு யாகூப் கடையைத் திறந்தார். பதினோரு மணிவாக்கில் காலேஜ் பையன்கள் ஐந்தாறு பேர் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு அந்த இரண்டு கை அகலத்துக்குள் நெருக்கியடித்து நுழைந்தார்கள். எல்லோர் மேலும் அதே வாசனை. முன்னால் நின்றவன் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டே கேட்டான்.

"பெர்ரி இருக்குங்களாண்ணா?"

அவன் கைகள் தேய்ந்த விதத்தை யாகூப் பார்த்தார். அவர்கள் ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டு கவுண்டரை மொய்த்த விதத்தைப் பார்த்தார். பாட்டிலின் கழுத்தும் விரலும் நினைவுக்கு வந்தன. "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் பின்கதவு வழியாக லாட்ஜ் சந்துக்கு ஓடி, சாக்கடை ஓரத்தில் குனிந்து, ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் எடுத்தார்.

வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது போன் அடித்தது. ரம்ஷா. மத்தியானத்துக்குக் கொஞ்சம் மோர் சோறும் சாப்பிட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்கக் கூப்பிட்டிருந்தாள். அவர் மூச்சு வாங்குவதைக் கேட்டதும் நிறுத்தினாள்.

"அத்தா, வாந்தி எடுத்தீங்களா?"

"ஆமா கண்ணு."

"சட்டைப் பையில ஒரு எலுமிச்சம்பழம் வெச்சுக்குங்க. கொமட்டறப்ப கீறி மோந்து பாருங்க" என்றாள். அது ஒன்றரை மாதமாக அவர் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.